பழைய கிராஃபிக்ஸ் கார்டா, புதிய செயலியின் உள்கிராஃபிக்ஸா: ஒப்பிட்டு முடிவெடுக்கும் முறை

பழைய கணினியில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது. புதிதாக வாங்கவிருக்கும் செயலியிலோ கிராஃபிக்ஸ் உள்ளேயே சேர்ந்து வருகிறது. பழைய கார்டைப் புதிய கணினிக்கு மாற்றிக்கொள்வதா, கழற்றி வைத்துவிடுவதா என்று கேட்டால் இரண்டு விதமான பதில்கள் உடனே கிடைக்கும். ‘என்ன இருந்தாலும் தனிக் கார்டு தனிக் கார்டுதான்’ என்பது ஒன்று. ‘இன்றைய உள்கிராஃபிக்ஸுக்கு முன்னால் பழைய கார்டெல்லாம் நிற்காது’ என்பது மற்றொன்று. இரண்டையும் அப்படியே ஏற்க முடியாது. 2016இல் வெளியான ஜீஃபோர்ஸ் ஜிடி 710 தனிக் கார்டுதான் என்றாலும், 2020இல் வந்த இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ உள்கிராஃபிக்ஸ் அதைப் பல மடங்கு முந்திச் செல்லும். அதே 2016இல் வெளியான ஜிடிஎக்ஸ் 1060 கார்டையோ 2023இன் ரேடியான் 780எம் உள்கிராஃபிக்ஸ் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. ஒரே ஆண்டில் வந்த இரண்டு கார்டுகளுக்கு முடிவு நேரெதிராக இருக்கும்போது, ஆண்டையும் ‘தனி’ என்ற அடைமொழியையும் வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது.

என் அனுபவத்தில் இந்த ஒப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டியது நினைவகம். கிராஃபிக்ஸ் சில்லுக்குத் தரவு எவ்வளவு வேகத்தில் வந்து சேர்கிறது, அந்த வழியை அது வேறு யாரோடாவது பங்கிட்டுக்கொள்கிறதா என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி முடிவு கைக்கு வந்துவிடும். மீதிப் பாதிக்கு டிரைவர் (கிராஃபிக்ஸ் சில்லை இயக்க நிறுவனம் தரும் மென்பொருள்) ஆதரவையும் வீடியோ வசதிகளையும் பார்த்து, இறுதியில் உங்கள் கணினியிலேயே அளந்து பார்க்க வேண்டும்.

பெயரை விட்டுவிட்டு உள்ளிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறந்தால், முதல் பக்கத்திலேயே நினைவகத்தின் வகை, அதன் பாதையின் அகலம், பேண்ட்வித் (அந்தப் பாதையில் வினாடிக்கு வரக்கூடிய தரவின் அளவு) ஆகிய மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் தெரியும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரைவிட இந்த மூன்று கட்டங்களையே நம்ப வேண்டும். ஜிடி 1030 இதற்கு நல்ல சான்று. 2017இல் வந்த அசல் கார்டில் ஜிடிடிஆர்5 நினைவகம் இருந்தது. பேண்ட்வித் வினாடிக்கு 48 ஜிபி. மறு ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்துடன் இன்னொரு கார்டு விற்பனைக்கு வந்தது. அதன் பேண்ட்வித் 16.8 ஜிபி மட்டுமே. சில்லு ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். ஆனால் விளையாட்டுகளில் இரண்டாவது கார்டு முதலாவதன் அருகில்கூட வராது. மடிக்கணினிகளுக்கான எம்எக்ஸ்150இலும் இப்படி 25 வாட், 10 வாட் என இரண்டு வடிவங்கள் ஒரே பெயரில் உலவின. ஜிடி 730இன் கதை இன்னும் சிக்கலானது. அந்தப் பெயருக்குள் இரண்டு வெவ்வேறு தலைமுறைச் சில்லுகளே இருந்தன.

உள்கிராஃபிக்ஸின் பக்கமும் பெயர்க் குழப்பத்துக்குக் குறைவில்லை. ஐரிஸ் எக்ஸ்இ கொண்ட ஒரு மடிக்கணினியில் ரேம் ஒற்றைத் தடத்தில் (செயலிக்கும் ரேமுக்கும் இடையே ஒரே ஒரு தரவு வழி) மட்டும் பொருத்தப்பட்டிருந்தால், விண்டோஸ் அதே சில்லை வெறும் ‘யுஎச்டி கிராஃபிக்ஸ்’ என்றே காட்டும். ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயருக்கு இரட்டைத் தட ரேம் கட்டாயம் என்று இன்டெல் நிபந்தனை வைத்திருக்கிறது. 2023இன் இறுதியில் வந்த கோர் அல்ட்ரா செயலிகளிலோ ஆர்க் என்ற பெயரைப் பெற இரட்டைத் தடத்தோடு குறைந்தது 16 ஜிபி ரேமும் வேண்டும். பெயரை நினைவகத்தோடு கட்டிப்போட்ட அந்த முடிவு நேர்மையானது என்றே சொல்வேன், வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை என்றாலும்.

மேசைக்கணினிச் செயலி வாங்குவோர் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரைசன் 7000 வரிசையின் வழக்கமான மேசைக்கணினிச் செயலிகளில் இருக்கும் கிராஃபிக்ஸில் இரண்டே கணிப்பு அலகுகள் உள்ளன; திரையில் படம் வருவதற்கும் வீடியோ பார்ப்பதற்கும் அது போதும், விளையாடுவதற்கு அன்று. ரைசன் 7 8700ஜி செயலியில் இருக்கும் 780எம்மிலோ அப்படிப்பட்ட அலகுகள் பன்னிரண்டு. இன்டெல் செயலியின் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் உள்கிராஃபிக்ஸே கிடையாது. ஆகவே ‘புதிய செயலி, அதனால் நல்ல கிராஃபிக்ஸ் இருக்கும்’ என்று நினைத்துப் பழைய கார்டை முதலிலேயே விற்றுவிட வேண்டாம்.

நினைவகக் கணக்கு

பேண்ட்வித்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பாதையின் அகலத்தை 8ஆல் வகுத்து, வரும் எண்ணை நினைவகத்தின் வேகத்தால் பெருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டின் பாதை 128 பிட் அகலமுடையது, அதாவது 16 பைட். அதன் ஜிடிடிஆர்5 வினாடிக்கு 7 கிகாபிட் வேகத்தில் இயங்குகிறது. 16ஐ 7ஆல் பெருக்கினால் வினாடிக்கு 112 ஜிபி.

உள்கிராஃபிக்ஸுக்கும் இதே கணக்குதான். அது பயன்படுத்துவது கணினியின் ரேம் என்பது மட்டுமே வேறுபாடு. ஒவ்வொரு ரேம் தடமும் 64 பிட் என்பதால் இரட்டைத் தடத்தில் 128 பிட் கிடைக்கும். டிடிஆர்4 3200 இரண்டு குச்சிகள் போட்டால் 51.2 ஜிபி, டிடிஆர்5 5600 இரண்டு போட்டால் 89.6 ஜிபி, மெல்லிய மடிக்கணினிகளில் பலகையோடு பற்றவைத்து வரும் எல்பிடிடிஆர்5எக்ஸ் 7500 என்றால் 120 ஜிபி. இந்த எண்கள் எல்லாம் செயலியும் கிராஃபிக்ஸும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்பவை என்பதை மறக்கக் கூடாது. கார்டின் 112 ஜிபி கார்டுக்கு மட்டுமே உரியது, ரேமின் 89.6 ஜிபியில் ஒரு பகுதியைச் செயலி எப்போதும் எடுத்துக்கொண்டிருக்கும்.

ஒற்றைக் குச்சி ரேமோடு விற்கப்படும் மடிக்கணினிகளில் மேற்சொன்ன எண்கள் சரிபாதியாகிவிடும். இணையத்தில் காணப்படும் சோதனை முடிவுகள் அநேகமாக இரட்டைத் தட ரேமில் எடுக்கப்பட்டவை. ஒற்றைக் குச்சியோடு இருக்கும் உங்கள் கணினியில் அவை வராதபோது குறை சில்லில் இல்லை. டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட்டுகள் பயன்பாட்டில் உள்ளன, ரேம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்ற இரண்டும் தெரியும். மேசைக்கணினியில் பயாஸில் (கணினி துவங்கும்போது இயங்கும் அடிப்படை மென்பொருள்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்காமல் விட்டால், விலை கொடுத்து வாங்கிய வேகமான ரேமும் அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். உள்கிராஃபிக்ஸை மதிப்பிடுமுன் இந்த இரண்டையும் சரிசெய்யாவிட்டால் ஒப்பீட்டுக்கே பொருள் இல்லை.

நினைவகத்தின் வேகத்தைப் போலவே அளவும் பார்க்கப்பட வேண்டியது. இங்கே நிலைமை பெரும்பாலும் உள்கிராஃபிக்ஸுக்குச் சாதகமாகவே இருக்கும். 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய கார்டில் அது நிரம்பியதும், மிஞ்சிய தரவு ரேமிலிருந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வந்துபோக வேண்டும். அந்த வழியின் வேகம் மூன்றாம் தலைமுறை 16 தடங்களில்கூட வினாடிக்கு ஏறத்தாழ 16 ஜிபிதான். காட்சி நின்று நின்று நகர்வதற்குக் காரணம் இதுவே. 16 ஜிபி ரேம் உள்ள கணினியின் உள்கிராஃபிக்ஸ், சராசரி வேகத்தில் சற்றுப் பின்தங்கினாலும், அத்தகைய விளையாட்டுகளில் சீராக ஓடக்கூடும். மாறாக, மொத்த ரேமே 8 ஜிபி என்றால், அதில் கிராஃபிக்ஸுக்கென 2 ஜிபியைப் பயாஸ் ஒதுக்கிவிட்ட பிறகு விண்டோஸுக்கும் உலாவிக்கும் மீதமிருப்பது 6 ஜிபிதான். அந்தக் கணினியில் பழைய 2 ஜிபி கார்டுகூட உதவியாக இருக்கும்.

டெராஃப்ளாப்ஸ் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்

சில்லில் உள்ள கணிப்பு மையங்களின் எண்ணிக்கையை 2ஆல் பெருக்கி, அதைக் கடிகார வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதே டெராஃப்ளாப்ஸ், அதாவது சில்லு வினாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகளைச் செய்ய வல்லது என்ற எண். ஜிடிஎக்ஸ் 1050 டிஐயில் 768 மையங்கள். வேகம் ஏறத்தாழ 1.39 கிகாஹெர்ட்ஸ், விடை 2.1. ரைசன் 6000 மடிக்கணினிகளில் 2022இல் வந்த ரேடியான் 680எம்மிலும் அதே 768 மையங்கள்தான்; ஆனால் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், விடை 3.7. காகிதத்தில் முக்கால் பங்கு அதிகம் இருந்தும், பல விளையாட்டுகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தட்டில் நிற்கின்றன. கணிக்கும் திறன் கூடியிருக்கிறது, தரவு வரும் வழி கூடவில்லை.

வேகா 8 கிராஃபிக்ஸ் உள்ள ரைசன் 7 5700ஜியை எடுத்துக்கொண்டால் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். அதன் 512 மையங்கள் 2 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, விடை 2.05, அதாவது 1050 டிஐயின் எண்ணேதான். ஆனால் டிடிஆர்4 3200 ரேமோடு அதற்குக் கிடைக்கும் பேண்ட்வித் 51.2 ஜிபி, கார்டினதில் பாதிகூட இல்லை. நடைமுறையில் 1050 டிஐ தெளிவாக முந்தும்.

780எம்முக்கு விளம்பரங்களில் 8 டெராஃப்ளாப்ஸுக்கு மேல் போடுவார்கள். அந்தத் தலைமுறை மையங்கள் சில வகைக் கட்டளைகளை ஒரே நேரத்தில் இரண்டாகச் செய்ய வல்லவை என்பதால் எண்ணை இரட்டித்துக் காட்டுகிறார்கள். விளையாட்டில் அந்த இரட்டிப்பு கிடைப்பதில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடும்போது மட்டும் டெராஃப்ளாப்ஸைப் பாருங்கள். மற்றபடி அதை ஒதுக்கிவிடலாம்.

வேகத்தில் வராத வேறுபாடுகள்

டிரைவர் ஆதரவு எப்போது முடிகிறது என்பதைப் பழைய கார்டு வைத்திருப்போர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிடிஎக்ஸ் 750, 900, 10 ஆகிய வரிசைகள் அடங்கிய மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு, புதிய விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாகவும், அதன்பின் 2028 அக்டோபர் வரை காலாண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்றும் என்விடியா அறிவித்தது. அதற்கும் முந்தைய கெப்லர் தலைமுறைக்கு அந்த வகை டிரைவர்கள் 2021லேயே முடிந்துவிட்டன. கணிப்பு வேலைகளுக்காகப் பழைய என்விடியா கார்டை வைத்திருப்போர், 2025இல் வந்த கூடா (கார்டில் கணிப்பு வேலைகளைச் செய்வதற்கான என்விடியாவின் மென்பொருள்) 13 பதிப்பு மேக்ஸ்வெல்லையும் பாஸ்கலையும் கைவிட்டுவிட்டதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பழைய கூடாவோடு இணங்கும் மென்பொருள் வரைக்கும்தான் அவை பயன்படும். லினக்ஸில் ஏஎம்டியின் பழைய கார்டுகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவற்றுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது.

வீடியோ பார்ப்பதே முதன்மையான வேலை என்றால் புதிய உள்கிராஃபிக்ஸ்தான் தயங்காமல் எடுக்க வேண்டியது. ஏவி1 என்ற வீடியோ முறையை வன்பொருளிலேயே விரிக்கும் வசதி இன்டெல்லின் 11ஆம் தலைமுறை மடிக்கணினிச் செயலிகளிலிருந்தும், 680எம்மிலிருந்தும் உண்டு. ஜிடிஎக்ஸ் 10 வரிசையின் எந்தக் கார்டிலும் இல்லை. ஜிடி 1030இல் வீடியோவைப் பதிவுசெய்யும் வன்பொருள் குறியாக்கியே கிடையாது. ஜிடிஎக்ஸ் 750 டிஐயின் எச்டிஎம்ஐ 1.4 வாயிலில் 4கே திரையை இணைத்தால் வினாடிக்கு 30 படங்கள்தான் வரும். சுட்டியை நகர்த்தும்போதே அது தத்தித் தத்தி நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

புதிய விளையாட்டுகள் கேட்கும் டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் வசதிகளும் பாஸ்கல் கார்டுகளில் இல்லை, 680எம்மில் இருக்கின்றன. ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டுக் காட்சி வரையும் வன்பொருள் ரே ட்ரேசிங்கைக் கட்டாயமாக்கிய சில விளையாட்டுகள் 2024 முதல் வந்திருக்கின்றன. அவை ஜிடிஎக்ஸ் 1080 டிஐ போன்ற வலுவான கார்டையும் ஏற்க மறுக்கும். ஏற்றுக்கொண்டாலும் 680எம்மில் விளையாடத் தக்க வேகம் வருமா என்பது வேறு கேள்வி, பெரும்பாலும் வராது.

உங்கள் கணினியிலேயே அளப்பது எப்படி

இரண்டையும் ஒரே கணினியில் வைத்து அளக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. கார்டைப் பொருத்திய பின் திரையின் கேபிள் மதர்போர்டின் வாயிலிலேயே செருகியிருந்தால், நீங்கள் கார்டை அளப்பதாக நினைத்து உள்கிராஃபிக்ஸையே அளந்துகொண்டிருக்கக் கூடும். விளையாட்டு ஓடும்போது டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தைத் திறந்து, ஜிபியு 0, ஜிபியு 1 என்று வரும் இரண்டில் எதன் கோடு மேலே ஏறுகிறது என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். அதே பக்கத்தில் தனி நினைவகம், பகிர்ந்த நினைவகம் என இரண்டு எண்கள் தெரியும். கார்டின் தனி நினைவகம் முழுவதும் நிரம்பிப் பகிர்ந்த நினைவகம் ஏறத் தொடங்கினால், மேலே சொன்ன தடுமாற்றம் அங்கேதான் பிறக்கிறது.

கார்டு பழைய கணினியிலும் உள்கிராஃபிக்ஸ் புதிய கணினியிலும் இருந்தால், அளக்கப்படுவது கிராஃபிக்ஸ் மட்டுமன்று, இரண்டு முழுக் கணினிகள். 3டிமார்க் போன்ற சோதனைகளில் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கிராஃபிக்ஸ் மதிப்பெண் என்று தனியாகக் காட்டப்படுவதை மட்டும் ஒப்பிடுவது இதற்கு ஓரளவு பரிகாரம். டைம் ஸ்பை என்ற சோதனையை இரண்டிலும் ஓட்டலாம். மிகவும் எளிய உள்கிராஃபிக்ஸுக்கு நைட் ரெய்ட் என்பது பொருத்தம். பழைய கார்டைச் சோதிக்குமுன் அதன் விசிறியில் படிந்த தூசியைத் துடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் மாற்றிவிடுங்கள். சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் கார்டைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

செயற்கைச் சோதனையோடு நிறுத்திவிடாமல், நீங்கள் உண்மையில் ஆடும் விளையாட்டிலோ பயன்படுத்தும் மென்பொருளிலோ அளப்பது அவசியம். ஒரே இடம், ஒரே அமைப்பு, ஒரே திரைத் தெளிவு என்று வைத்துக்கொண்டு சில முறை ஓட்டி, முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். காட்சியை வரையும் சிறு நிரல்களான ஷேடர்கள் அப்போதுதான் தயாராகிக்கொண்டிருக்கும். மடிக்கணினி என்றால் குறைந்தது 20 நிமிடம் தொடர்ந்து ஓடவிட்ட பிறகே எண்ணைக் குறிக்க வேண்டும். அங்கே செயலியும் கிராஃபிக்ஸும் ஒரே மின்சார ஒதுக்கீட்டை, பெரும்பாலும் 15 முதல் 28 வாட் வரை, பங்கிட்டுக்கொள்கின்றன; முதல் சில நிமிடங்களில் காட்டும் வேகம் சூடேறிய பிறகு நீடிக்காது.

வினாடிக்கு வரும் பிரேம்களின் (படங்களின்) சராசரியோடு ‘1 சதவீதத் தாழ்வு’ என்ற எண்ணையும், அதாவது மிக மெதுவாக வந்த 1 சதவீதப் பிரேம்களின் வேகத்தையும், குறித்துக்கொள்ளுங்கள். கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற இலவசக் கருவிகள் அதைத் தரும். உதாரணத்துக்கு, ஒரு கார்டு சராசரி 55 பிரேமும் தாழ்வில் 18 பிரேமும் தருகிறது, உள்கிராஃபிக்ஸ் சராசரி 45உம் தாழ்வில் 36உம் தருகிறது என்று வையுங்கள். சராசரியில் வென்றது கார்டு. ஆடும்போது கைக்கு இதமாக இருப்பது உள்கிராஃபிக்ஸ். 2 ஜிபி கார்டுகளில் இத்தகைய முடிவு அடிக்கடி வரும்.

முடிவெடுத்தல்

பேண்ட்வித் வினாடிக்கு 50 ஜிபிக்குக் கீழே உள்ள ஜிடி 710, ஜிடி 730, ஜிடி 1030 போன்ற கார்டுகளை, இரட்டைத் தட ரேமோடு கூடிய ஐரிஸ் எக்ஸ்இ, 680எம் அல்லது அவற்றுக்குப் பிந்தைய உள்கிராஃபிக்ஸ் இருக்கும் கணினியில் பொருத்துவது வீண் வேலை. எதிரில் இருப்பது இரண்டு அலகு ரைசன் கிராஃபிக்ஸ் என்றால் மட்டும் ஜிடிடிஆர்5 வகை ஜிடி 1030க்கு இடம் உண்டு. ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, ஜிடிஎக்ஸ் 970, ஆர்எக்ஸ் 580 போல 190 ஜிபிக்கு மேல் உள்ள கார்டுகள் வேகத்தில் 780எம் வரையிலான 128 பிட் உள்கிராஃபிக்ஸை முந்துகின்றன. அவற்றில் யோசிக்க வேண்டியது டிரைவர் ஆயுளும் மின்சாரமும்தான். ஆர்எக்ஸ் 580 ஒன்றே 185 வாட் வரை இழுக்கும். 8700ஜி செயலி கிராஃபிக்ஸையும் சேர்த்து 65 வாட் வகையைச் சேர்ந்தது. நாள்தோறும் பல மணி நேரம் ஆடுவோருக்கு அது மின்கட்டணத்திலும் அறையின் சூட்டிலும் தெரியும்; வாரக் கடைசியில் மட்டும் ஆடுவோர் பொருட்படுத்த வேண்டியதில்லை.

உண்மையான இழுபறி 80 முதல் 112 ஜிபி வரை உள்ள ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 960, 1050 டிஐ போன்ற கார்டுகளில்தான். இங்கே 780எம் பொதுவாக முந்தும், வேகா 8 பிந்தும், 680எம் ஏறத்தாழச் சமமாக நிற்கும். வித்தியாசம் சிறிதாக இருந்தால் புதியதன் பக்கமே சாய்வேன், டிரைவரும் வீடியோ வசதியும் சேர்ந்து கிடைப்பதால். ரைசன் ஏஐ மேக்ஸ் வரிசை இந்தக் கணக்குக்குள் அடங்காது. 256 பிட் பாதையும் வினாடிக்கு 256 ஜிபி பேண்ட்வித்தும் உள்ள அது, உள்கிராஃபிக்ஸ் என்ற பெயரில் வரும் வேறொரு வகை.

கார்டை மாற்றுவதென்று முடிவுசெய்தால் இரண்டு தடைகளை முன்கூட்டியே பாருங்கள். 2012க்கு முந்தைய பல கார்டுகளில் யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறைக்கான ஆதரவு இல்லாததால், பழைய முறைத் துவக்கத்தைக் கைவிட்ட மதர்போர்டில் திரையே வராமல் போகலாம். ரைசன் 5 8500ஜி போன்ற செயலிகள் கார்டுக்கு நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களையே தருகின்றன. மூன்றாம் தலைமுறைக் கார்டுக்கு அது வினாடிக்கு ஏறத்தாழ 4 ஜிபி, நினைவகம் நிரம்பிய கார்டை அது மேலும் திணறடிக்கும். இரண்டும் தடையில்லை என்றால், கார்டையும் உள்கிராஃபிக்ஸையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். விண்டோஸின் திரை அமைப்புகளில் கிராஃபிக்ஸ் என்ற பகுதிக்குச் சென்று, விளையாட்டுகளுக்கு அதிகச் செயல்திறன் என்றும் உலாவிக்கும் வீடியோ இயக்கிக்கும் மின்சேமிப்பு என்றும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே குறித்துவிட்டால், ஆட்டம் கார்டிலும் ஏவி1 வீடியோ உள்கிராஃபிக்ஸிலுமாக ஓடும்.